ராத்திரிக் கணக்கு

கொல்லை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்த எனக்குக் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். கிணறு, துவைக்கிற கல், அழுக்குத் தண்ணீர் ஓடிப் பாய்கிற வாழை, அதற்கப்பால் மறைவு. ஜவ்வாது மலையில் கொல்லை என்றால் மானாவாரி நிலம். சாமை விதைக்கிற இடம். வீட்டிலிருந்து ஒரு மைல் தள்ளிக்கூட இருக்கலாம். பழைய நூல்களிலும் கொல்லை புன்செய்தான். ஆக, சொல்லின் மூத்த அர்த்தம் மலைமேல் தங்கிவிட்டது. தஞ்சாவூர்க்காரர்கள் அதை வீட்டுக்குப் பின்னால் இழுத்து வந்து கட்டிப்போட்டுவிட்டார்கள். ஜமுனாமரத்தூருக்கு மாற்றலாகிப் போன முதல் மாதம், "கொல்லையில் ஏதாவது போடலாமென்று பார்க்கிறேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. பாங்க் குமாஸ்தா வந்த கையோடு நிலம் பார்க்கிறான் என்று எண்ணியிருக்க வேண்டும். அவர் எண்ணியதில் தவறில்லை. கீழிருந்து மேலே வந்தவர்கள் மலையில் பார்த்த முதல் காரியம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கிறது.

எனக்கு வேண்டியிருந்தது இருபதடிக்குப் பன்னிரண்டடி. வீட்டின் பின்சுவரை ஒட்டிய செம்மண் துண்டு. வேளாண்மைத் துறைக் கையேடுகள் வீட்டுத் தோட்டம் என்று சொல்வது அதைத்தான். இலக்கியம் பேச ஆள் இல்லாதது ஒரு காரணம். தக்காளி, வெங்காயம் எல்லாம் கீழிருந்து வண்டி ஏறி வர வேண்டியிருந்தது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் உண்மையான காரணம். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் முதலாவதைத்தான் எழுதினேன்.

தோட்டம் தொடங்குகிறவனுக்குச் சொல்லப்படும் புத்திமதிகள் எந்த ஊரிலும் ஒன்றே. ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். மண்ணை ஒரு சாண் ஆழம் கிளறி, மக்கிய எருவைக் கலக்க வேண்டும். பச்சைச் சாணி கூடாது. விதையை அதன் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் ஆழமாகப் புதைக்கக் கூடாது. கீரை விதையை மணலோடு கலந்து தூவ வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே இடத்தில் விழுந்துவிடும். கத்தரி, மிளகாய், தக்காளியை நாற்றுவிட்டுப் பிடுங்கி நட வேண்டும். வெண்டையையும் அவரையையும் பூசணியையும் போட்ட இடத்திலிருந்து பெயர்க்கக் கூடாது. எல்லாம் சரியான புத்திமதிகள். எல்லாவற்றையும் செய்தேன். எல்லாம் முளைத்தது. அரைக்கீரை மூன்றாம் நாளே தலைகாட்டியது. வெண்டை ஐம்பது நாளில் காய்த்தது. அதற்குமேல் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று சொல்லலாம். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் முளைக்கும்போது அநேகமாக ஒன்றுபோலவே இருக்கின்றன. மெல்லிய காம்பில் எதிரெதிராக நீண்ட இரண்டு இலைகள். வித்தைகள் காட்டிக் குழப்புகிற ஜாதியில்லை, வெறுமனே அடையாளம் இல்லாமல் இருக்கின்றன. மூன்றாவது இலை வருகிறபோதுதான் தக்காளி ஓரம் வெட்டுப்பட்டுத் தக்காளியாகிறது. நமக்கு வந்து சேரும் முதல் கவிதைத் தொகுதிகள் பலவற்றை நினைத்துக்கொண்டேன். மூன்றாவது இலைக்குக் காத்திருக்காமல் மதிப்புரை எழுதிவிடுகிறோம்.

நம் புதுக்கவிதையில் செடி இருக்கிறது, மரம் இருக்கிறது. கிளை, வேர், சருகுக்குக் குறைவேயில்லை. என்ன செடி என்று கேட்டால் பதில் வராது. விதை என்றால் நம்பிக்கை, வேர் என்றால் மரபு, சருகு என்றால் மரணம் என்று ஒரு விலைப்பட்டியல் நாற்பது ஐம்பது வருஷங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. எண்ணினால் ஒரு கை விரல் போதும். இது மொழிக் குறைபாடு என்று நான் நினைத்திருந்தேன், எழுதியும் இருக்கிறேன். இப்போது தோன்றுவது வேறு. ஒரு செடியின் பக்கத்தில் நாலு மாதம் வேலையில்லாமல் நிற்க நேர்ந்தால்தான் அது எதற்கும் பதிலியாக இருக்க மறுப்பது தெரியவரும். நம்மில் பலருக்கு அந்த நாலு மாதம் வாய்க்கவில்லை.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த எவனும் மண்வெட்டியைத் தொட்டவுடன் தோரோவை நினைப்பான். 1845இல் வால்டன் குட்டையருகே குடிசை போட்டுக்கொண்டு இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ் பயிர் செய்தவர். 1854இல் வெளிவந்த புத்தகத்தில் அந்த விளைச்சலின் வரவு செலவைப் பைசா சுத்தமாகக் கொடுத்திருக்கிறார். வரவு 23 டாலர் 44 செண்ட். செலவு 14 டாலர் 72½ செண்ட். மிச்சம் 8 டாலர் 71½ செண்ட். அரை செண்டைக்கூட விடாத இந்தக் கணக்கைக் கல்லூரியில் கிண்டல் என்று பாடம் சொன்னார்கள். பதினோரு வருஷம் பேரேடு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு நல்ல கணக்கு, கூட்டல் சரியாக இருக்கிறது. விசேஷம் என்னவென்றால் அவருக்கு பீன்ஸ் சாப்பிடுவதில் ருசி கிடையாது. விற்று, மாற்றி, அரிசி வாங்கிக்கொண்டார். உவமைகளுக்காகவாவது யாரேனும் வயலில் உழைக்கத்தான் வேண்டும் என்கிற தோரணையில் ஓரிடத்தில் பேசுகிறார். நேர்மையான ஒப்புதல்தான். ஆனாலும் தன் அவரையைத் தின்னாத ஒருவரிடம் அவரையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கேட்டது பக்கத்து வீட்டுப் பாட்டியிடம். வேலியோரமாகக் கொடி ஏதாவது விடலாமென்றபோது அவளே ஒரு சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்தாள். உள்ளே செம்மண் பூசிக் காயவைத்த அவரை விதை. வண்டு விழாமலிருக்க அப்படி வைப்பது. "ஒரு கை குடுக்கறேன். காஞ்சதும் ரெண்டு கையா குடுத்துடு சார்" என்றாள்.

நூறு சதவீத வட்டி. காகிதம் கிடையாது, ஜாமீன் கிடையாது. தொழில் புத்தியில் கேட்டுவைத்தேன்: "கொடி பட்டுப்போச்சுன்னா?"

"பட்டுப்போச்சுன்னா நீ இன்னா பண்ணுவ. அடுத்த வருசம் இன்னொரு கை வாங்கிக்க."

கடனைத் திருப்பாதவனுக்கு மறுகடன் கிடையாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். இங்கே திருப்ப முடியாமல் போவதே மறுகடனுக்குத் தகுதி. ஏன் அப்படி என்று அவளை விசாரித்துக்கொண்டிருக்க அவசியமில்லை. பேச்சோடு பேச்சாக அவளே சொல்லிவிட்டாள்: அவள் வீட்டில் வண்டு விழுந்து போனால் என் வீட்டில் இருக்கும். போன தடவை அவளுக்கே அப்படித்தான் மூன்றாவது வீட்டிலிருந்து திரும்பி வந்ததாம். கொடுத்த ஒரு கை எனக்கான உதவி என்று நினைத்திருந்தேன். அவள் விதையைப் பத்திரப்படுத்த என் வேலியை உபயோகித்திருக்கிறாள்.

ஆடியில் கிழக்கு வேலியில் ஆறு குழி போட்டேன். மிச்ச விதையை ஆவணி கடைசியில் சமையலறைச் சுவரோரம் போட்டேன். கிழக்குக் கொடி வேலியை முடித்து, பக்கத்துக் கொய்யாவில் ஏறி, அதையும் மூடியது. பூ இல்லை. புரட்டாசி பிறந்தது. பூ இல்லை. திருப்பத்தூரிலிருந்து வந்த நண்பர், எரு அதிகம், தழை மட்டும்தான் போகும், நுனியைக் கிள்ளு என்றார். சுவரோரக் கொடி அப்போது முழ உயரம்.

"கொடி மட்டும் இப்படிப் போகிறதே பாட்டி, பூவைக் காணோமே."

"பனி எறங்கட்டும் சார். இப்பவே பூக்கச் சொன்னா அது இன்னா பண்ணும்."

ஐப்பசி பாதியில் பூத்தது. ஆடியில் போட்ட கொடியும் ஆவணியில் போட்ட கொடியும், ஐந்தாறு நாள் முன்பின்னாக, ஒரே வாரத்தில். ஒன்று கொய்யா மரத்தின் உச்சியில், மற்றது என் இடுப்பு உயரத்தில்.

இதை விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாங்கில் ஒரு வைப்புத்தொகை முதிர்வது போட்ட தேதியிலிருந்து எண்ணி. நாற்பத்தைந்து வாரம் முந்திப் போட்டது நாற்பத்தைந்து வாரம் முந்தி முதிரும். அவரை அப்படி எண்ணுவதில்லை. எப்போது போட்டாய் என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 1920இல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் சோயா மொச்சையை வெவ்வேறு தேதிகளில் விதைத்துப் பார்த்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூப்பதன் காரணத்தை எழுதினார்கள். கோடை முழுவதும் பூக்காமல் ஆள் உயரத்தை மீறி வளர்ந்த ஒரு புகையிலை ரகமும் அந்தச் சோதனையில் இருந்தது. பகல் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால்தான் பூக்கிற செடிகள் உண்டு என்பது அவர்கள் கண்டது. 1938இல் ஹாம்னரும் பானரும் வேறொரு களைச்செடியை வைத்து இதைத் திருத்தினார்கள். செடி அளப்பது பகலை அல்ல, இருட்டை. நீண்ட ராத்திரியின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டால் கணக்கு கலைந்துபோகிறது, பூப்பதில்லை.

நம் அட்சரேகையில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆடிக்கும் ஐப்பசிக்கும் இடையே ஒரு மணி. நானோ நீங்களோ கடிகாரம் இல்லாமல் இதைச் சொல்லிவிட முடியாது. பாட்டி பனி என்கிறாள். ராத்திரி நீண்டுதான் பனி இறங்குகிறது, ஆகவே அவள் சொன்னது சரிதான். ஒரு சங்கிலியில் அவள் ஒரு கண்ணியைப் பிடித்திருக்கிறாள், கார்னர் இன்னொன்றை.

அதே மலையில் ராத்திரியை அளக்கிற இன்னொரு இடமும் இருக்கிறது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகிற வழியில், 725 மீட்டர் உயரத்தில், காவலூர் வானாய்வகம். நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகத்தான் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி வேலைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1982இல் இறந்துபோனார். அது 1986இல் அவர் பெயரோடு திறக்கப்பட்டது. பஸ்ஸில் போகும்போது மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம் தெரியும். அதைப் பார்த்து வியக்கிற பயணிகள், சாலையோரப் பந்தல்களில் அதே இருட்டை அளந்துகொண்டிருக்கும் கொடிகளைப் பார்த்து வியப்பதில்லை. நானும் அந்த ஐப்பசி வரை வியந்ததில்லை.

விதைக்கடையில் கிடைப்பது குத்தவரை. வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்கள். பந்தல் வேண்டாம், பருவம் வேண்டாம், இரண்டு மாதத்தில் காய். ஆடியும் ஐப்பசியும் அதற்கு ஒன்று. குறை சொல்ல எதுவுமில்லை, நானும் இரண்டு வரிசை போட்டுத் தின்றேன். இருட்டை எண்ணும் பழக்கம் அதிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நீக்கப்பட்டதற்கு ஓர் உபயோகம் இருந்தது என்பது கொல்லைக்குப் போனால் தெரியும். சாமையோடு கலந்து அவரையோ மொச்சையோ துவரையோ விதைக்கிறார்கள். சாமை மூன்று, மூன்றரை மாதத்தில் அறுவடையாகிவிடுகிறது. அதுவரை அவரை தழையாகக் கிடக்கிறது, நிழல் கட்டிச் சாமையைக் கெடுப்பதில்லை. சாமை அறுத்த பிறகு, மழையும் குறைந்து பனி தொடங்குகிறபோது, அதே தாளைப் பிடித்துக்கொண்டு அவரை காய்க்கிறது. ஒரே மழையில் இரண்டு சாப்பாடு. காய்ப்பு தள்ளிப்போவதுதான் ஏற்பாட்டின் ஆதாரம்.

இந்த மலைக்கு அடிவாரத்தில் இருக்கிற செங்கம் ஊர் நன்னனைப் பாடியது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. அதில் தினை அரிந்த தாள்தோறும் அவரை காய் கொண்டிருப்பதாக வருகிறது. கல்லூரி நாளில் அதற்குரிய உவமைகளை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். தாள் என்கிற விவரத்தில் எனக்கு அப்போது எதுவும் தென்படவில்லை. உரையாசிரியர் பதவுரை சொல்லிப் போய்விடுகிறார், நாம் உவமையைப் பிடித்துக்கொள்கிறோம். தினை முன்னால், அவரை பின்னால், ஒரே நிலத்தில் என்கிற வரிசை அந்தக் கவிஞருக்குத் தெரிந்திருந்தது. அவர் படிமம் தேடிப் போனவரல்ல, வழி சொல்கிறவர். இன்ன இடத்தில் இன்னது விளைந்திருக்கும், தின்றுகொண்டு போங்கள் என்று கூத்தருக்கு வழி சொல்லுகிற பாட்டு அது. வழி தவறாகச் சொன்னால் கேட்டவன் பட்டினி கிடப்பான். நம் கவிதை தவறாகச் சொல்வதால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. இந்த வித்தியாசத்தை இலக்கணத்தாலும் உத்தியாலும் நிரப்பிவிட முடியும் என்று நான் இப்போது நம்பவில்லை.

பாங்குப் படிவத்தில் பயிர் என்கிற இடத்தில் ஒரு பெயர்தான் எழுதலாம். சாமை என்று எழுதுவோம். அவரைக்குக் கடன் வரலாற்றில் இடமில்லை.

இதையெல்லாம் எழுதுகிறவன் மாதச் சம்பளக்காரன். என் வேலி அவரை காய்க்காமல் போயிருந்தாலும் நான் ஓட்டலில் சாப்பிட்டிருப்பேன். மலையில் இந்தக் காரியத்துக்குப் பொழுதுபோக்கு என்று பெயர் கிடையாது. சாமை ஒரு போகம், அதுவும் மழை வைத்த கணக்கு. மற்ற மாதங்களில் ஆண்கள் இறங்கிப் போகிறார்கள், காப்பித் தோட்டங்களுக்கு, கட்டட வேலைக்கு, திருப்பூருக்கு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அது ஒரு மாவட்டத்தின் பெயர். மலையில் இருந்த காலத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று விதவைப் பென்ஷன் வாங்கிய பெண்களின் வயதைப் பாஸ்புத்தகத்தில் பார்க்க நேரும்போது, அதற்குமேல் எதையும் கேட்காமல் பணத்தை எண்ணித் தந்திருக்கிறேன். ஆண்கள் இல்லாத வீடுகளின் வாசலிலும் பந்தல் இருக்கும். அவரை, சுரை, ஒரு பீர்க்கு. மழை பொய்த்த வருஷத்தில் குழம்புக்கு அதுதான்.

பூ வந்த பதினோராம் நாள் மாற்றல் உத்தரவு வந்தது. வேலூர். கார்த்திகையில் சேர வேண்டும். வீட்டைத் தை மாதம் வரை வைத்துக்கொள்ள முடிந்தது, அதற்குமேல் அங்கே வரவிருந்தவர் மோட்டார் சைக்கிள் நிறுத்த வேலியோரம் வேண்டுமென்றார். விதைக்குக் காய் முற்ற வேண்டும், கொடியிலேயே காய வேண்டும், ஆட்டினால் உள்ளே சப்தம் கேட்க வேண்டும். மாசிக்கு முன்னால் ஆகாது. இரண்டு கை பாக்கி. பாட்டியிடம் சொன்னேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம் தாவியிருந்த கொடியை மட்டும் விட்டுவைக்கச் சொன்னாள். மற்றதை வெட்டிக்கொள்ளட்டும் என்றாள். வேர் என் பக்கம்தானே என்றேன். அவள் மண்ணைக் கிளறிக் காட்டினாள். கணுவில் மண் அணைத்து, அவள் பக்கத்தில் அது தனியாக வேர் விட்டிருந்தது. எப்போது செய்தாள் என்று கேட்கவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போளூர் வழியாகப் போனேன். உரித்துப் பார்த்ததில் மூன்று கைக்குக் கொஞ்சம் குறைவு. அசுவினி விழுந்து கடைசிக் கொத்துகள் கருகிவிட்டிருந்தன. இரண்டு கையை அளந்து வாங்கிக்கொண்டாள். கை என்றால் அவள் கை. மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து என்னிடம் தந்து, "அங்கயும் போட்டு வையி சார்" என்றாள். இந்தத் தடவை எத்தனை கை திருப்ப வேண்டும் என்று சொல்லவில்லை.

வேலூரில் இரண்டாம் மாடி. பால்கனியில் இரண்டு சிமெண்டுத் தொட்டி. ஆடியில் போட்டேன். கொடி கம்பியில் ஏறிவிட்டது, இலை நன்றாக இருக்கிறது. தொந்தரவு, பால்கனிக்கு நேர் எதிரே, எட்டடி தூரத்தில் தெருவிளக்கு. புதிதாகப் போட்ட வெள்ளை விளக்கு. சாயங்காலம் ஆறரைக்குப் பிடித்தால் காலை ஆறு மணிவரை எரிகிறது. இப்போது புரட்டாசி. நாலாம் தேதியிலிருந்து, விளக்கு எரியத் தொடங்குமுன் கொடியைச் சுற்றி மூன்று கோணிச் சாக்குகளைக் கட்டி, காலையில் அவிழ்க்கிறேன். எதற்கு இது என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார். ராத்திரி வேண்டுமாம் என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. சாக்கு போதவில்லை, தெற்குப் பக்கம் இன்னும் வெளிச்சம் விழுகிறது.